சமைத்தவுடன் பரிமாற வேண்டும்!

சாயங்காலம் ஆறரை மணிக்கு நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூடத்தில் விளக்குப் போடுகிறோம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த குழந்தைக்கு மின்விசிறி வேண்டியிருக்கிறது. ஆபீஸிலிருந்து வந்தவருக்கு டெலிவிஷன் வேண்டியிருக்கிறது. சமையலறையில் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸி ஓடுகிறது. "மாடித் தொட்டியில் ஜலம் இல்லை" என்று யாரோ குரல் கொடுக்க, மோட்டாரும் போடுகிறோம். இது ஒரு வீட்டுக் கதை. சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் திருச்சியிலும் லட்சக்கணக்கான வீடுகளில் ஏறக்குறைய இதே நிமிஷத்தில் இதேதான் நடக்கிறது.

ஸ்விட்சைத் தட்டுகிறோம், விளக்கு எரிகிறது. எரியாதபோதுதான் மின்சாரத்தைப் பற்றி நமக்கு ஞாபகம் வருகிறது. எரிந்துகொண்டிருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அது சட்டென்று புரியும்.

நாம் எதையும் சேமித்து வைக்கத் தெரிந்தவர்கள். அரிசியைத் தகர டப்பாவில் வைக்கிறோம். புளியைப் பானையில் வைக்கிறோம். மாங்காயை உப்புப் போட்டு ஜாடியில் வைக்கிறோம். மின்சாரம் அப்படிப்பட்ட பண்டம் அல்ல. அது முறுகலான தோசை மாதிரி. கல்லிலிருந்து எடுத்தவுடன் இலையில் விழவேண்டும். அதோடு, பந்தியில் யார் எத்தனை கேட்டாலும் கேட்ட விநாடியே அத்தனையும் தயாராக இருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆபத்து. ஒன்று மிஞ்சினாலும் ஆபத்து!

இந்தப் பந்தி எவ்வளவு பெரியது தெரியுமா? 2024 மே 2-ஆம் தேதி, கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்பே, தமிழ்நாட்டின் மின்சாரத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஒரு மெகாவாட் என்பது ஆயிரம் இஸ்திரிப் பெட்டிகள் ஒரே சமயத்தில் சூடாவதற்கு வேண்டிய சக்தி. அந்தக் கணக்குப்படி, அன்று ஒரே வேளையில் இரண்டு கோடியே எட்டு லட்சம் இஸ்திரிப் பெட்டிகளுக்குப் பரிமாற வேண்டியிருந்தது.

இவ்வளவு பெரிய சமையலை ஒரே சமையற்காரரால் செய்ய முடியுமா? முடியாது. பல பேர் சேர்ந்து செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குணம், ஒரு வேளை, ஒரு பிடிவாதம். அவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கலாம், வாருங்கள்.

சுற்றுவது ஒரே சக்கரம்

1831-ல் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். செம்புக் கம்பிச் சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையே அசைவு இருந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. இன்றுவரை பெரும்பாலான மின் நிலையங்களில் நடப்பது இவ்வளவுதான்: ஒரு பெரிய காந்தம் கம்பிச் சுருளுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

யார் அதைச் சுற்றுவது என்பதில்தான் வித்தியாசம். மலையிலிருந்து விழும் ஜலம் சுற்றலாம். வீசுகிற காற்றுச் சுற்றலாம். கொதிக்கிற தண்ணீரின் ஆவி சுற்றலாம். நிலக்கரி, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, அணு என்று பெரிய பெரிய பெயர்களாகச் சொல்கிறோமே, அவையெல்லாம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் மூன்று விதமான அடுப்புகள். அவ்வளவுதான்! சூரிய ஒளிப் பலகை ஒன்றுக்குத்தான் சக்கரமே வேண்டாம். வெயில் பட்டதும் அதன் சிலிக்கன் தகட்டிலிருந்து நேராகவே மின்சாரம் கிளம்பிவிடுகிறது.

கூப்பிட்டவுடன் வரும் பெரியவர்

நீலகிரி என்றதும் நமக்கு ஊட்டி, உருளைக்கிழங்கு, கம்பளிச் சட்டை ஆகியவைதாம் ஞாபகம் வரும். தமிழ்நாட்டு மின்சாரத்தின் பிறந்தகமும் அதுதான். அங்கே பைக்காரா ஆற்று ஜலத்தை இரும்புக் குழாய்களில் அடைத்து, சுமார் 3,000 அடி கீழே சிங்காராவில் கொண்டுவந்து விட்டார்கள். 1932-ல் அங்கே மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. அந்தத் திட்டம் வருவதற்குப் பெரிதும் பாடுபட்டவர்களில் சர் சி. பி. ராமசாமி ஐயர் ஒருவர். பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்தது, மில்கள் பெருகின. "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்ற பெயர் அந்த ஊருக்கு நிலைத்ததில் பைக்காராவுக்குப் பெரும் பங்கு உண்டு.

பிறகு 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று வரிசையாக வந்தன. 1950-களின் பிற்பகுதியில் கனடா தேசத்தின் உதவியோடு குந்தாத் திட்டம் ஆரம்பமாயிற்று. குந்தாவில் ஓர் அழகைப் பாருங்கள். ஒரு மின் நிலையத்தில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியே வரும் ஜலம் வீணாவதில்லை. அடுத்த நிலையத்துக்கு இறங்குகிறது, அங்கேயும் சுற்றுகிறது, இப்படியே படிப்படியாக இறங்கிப் பில்லூர் அணைக்கு வருகிறது. கோவைவாசிகள் அந்த ஜலத்தைத்தான் குடிக்கிறார்கள். விளக்கையும் எரித்துவிட்டுத் தாகத்தையும் தீர்க்கிறது!

ஜல மின்சாரத்தின் பெரிய குணம், கூப்பிட்டவுடன் வருவது. மதகைத் திறந்தால் சில நிமிஷங்களில் சக்கரம் முழு வேகத்தில் சுற்றும். மூடினால் நின்றுவிடும். நெருக்கடி நேரத்தில் பொறியாளர்கள் முதலில் கூப்பிடுவது இந்தப் பெரியவரைத்தான். ஆனால் மழை பொய்த்தால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மேலும், தமிழ்நாட்டின் ஜல மின் நிலையங்கள் அத்தனையும் சேர்ந்து சுமார் 2,300 மெகாவாட்தான். மேலே சொன்ன உச்சத் தேவையில் இது ஒன்பதில் ஒரு பங்கு. மீதிப் பேருக்கு யார் சமைப்பது?

அணைக்க முடியாத அடுப்புகள்

பெரும் பாரத்தைச் சுமப்பது கரி அடுப்புகள்தாம். தூத்துக்குடி, மேட்டூர், வட சென்னை ஆகிய இடங்களில் பெரிய அனல் மின் நிலையங்கள் இருக்கின்றன. ஒடிசாவில் வெட்டும் கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. 210 மெகாவாட் யந்திரம் ஒன்று ஒரு நாள் முழு வேகத்தில் ஓடினால் மூவாயிரம் டன்னுக்கு மேல் கரியைத் தின்றுவிடும். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் சூடாக இருந்தால் எங்கோ ஓர் அடுப்பில் சுமார் முக்கால் கிலோ நிலக்கரி எரிந்து சாம்பலாகிறது.

நெய்வேலியின் கதை வேறு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ மேலே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலி நிலக்கரிக் கார்ப்பரேஷன் அமைந்தது. 1957-ல் பிரதமர் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல், சோவியத் நாட்டு உதவியுடன், அங்கே மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. அந்த முதல் நிலையம் நம் குடும்பங்களுக்கு ஐம்பத்தெட்டு வருஷம் உழைத்துவிட்டு 2020-ல் ஓய்வு பெற்றது. சுரங்கத்துக்கு அடியில் ஊற்று நீர் மேல் நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்தால்தான் கரி வெட்ட முடியும். அந்தத் தண்ணீர் சென்னைக்குக் குடிநீராகவும் வந்திருக்கிறது.

அனல் அடுப்பின் பிடிவாதம் என்னவென்றால், அது சீக்கிரம் பற்றாது. ஆறிப்போன பாய்லரைச் சூடேற்றி முழு வேகத்துக்குக் கொண்டுவருவதற்குள் பல மணி நேரம் ஓடிவிடும். பற்றிய பிறகு ஏறக்குறையப் பாதிக்குக் கீழே தணிக்கவும் இடம் கொடுக்காது. "இப்போது வேண்டாம், சாயங்காலம் வா" என்று அதனிடம் சொல்ல முடியாது.

அடுப்பு என்றால் புகையும் சாம்பலும் உண்டு. அவை நம் வீட்டுக் கூடத்தில் விழாததால் நமக்குத் தெரிவதில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் நிலையச் சாம்பல் படிந்து மீன்பிடிப்புக் கெட்டது என்று மீனவர்கள் பல வருஷங்கள் போராடினார்கள், வழக்கும் தொடுத்தார்கள். நெய்வேலிச் சுரங்கம் விரிய விரிய, அதைச் சுற்றியிருந்த கிராமங்கள் இடம் பெயர்ந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில், நெற்பயிர் நின்ற வயலுக்குள் கால்வாய் வெட்ட யந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். பயிர் அறுவடை ஆகும்வரை பொறுக்கக் கூடாதா என்று கேட்டார்கள் விவசாயிகள். நம் வீட்டு மின்சார பில்லில் இந்தக் கேள்விக்கு ஒரு பத்தி கிடையாது.

அணு என்ற மௌனி

கல்பாக்கத்தில் 1983-லிருந்தும், கூடங்குளத்தில் 2013-லிருந்தும் அணு உலைகள் இயங்குகின்றன. யுரேனியம் பிளக்கும்போது உண்டாகும் உஷ்ணத்தில் தண்ணீர் கொதிக்கிறது; ஆவி சக்கரத்தைச் சுற்றுகிறது. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் தலைக்கு 1,000 மெகாவாட். அதில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்கு. மீதி அண்டை ராஜ்யங்களுக்கு. புகை இல்லை, கரி போல் மலை மலையாகச் சாம்பலும் இல்லை. இரவு பகல் ஒரே சீராக ஓடுவது அதன் குணம்.

ஆனால் 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா உலைகள் சுனாமியால் சேதமடைந்த செய்தி வந்தபோது, கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை மீனவக் குடும்பங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. அவர்கள் 2004-ல் சுனாமியைக் கண்ணால் பார்த்தவர்கள். மாதக் கணக்கில் அங்கே பந்தலில் உட்கார்ந்து போராடியவர்களில் பெண்கள் ஏராளம். 2013-ல் சுப்ரீம் கோர்ட் பாதுகாப்பு நிபந்தனைகளோடு உலைக்கு அனுமதி கொடுத்தது. பயன்படுத்திய யுரேனியத்தைப் பல தலைமுறைகள் காவல் காத்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு மட்டும் எந்தத் தீர்ப்பாலும் தீர்வதில்லை.

ஆடி மாப்பிள்ளையும் ஆறு மணிக்குப் போகிறவரும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் சுற்றுவதை ரயிலில் போகும்போதே பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று நான்கு கணவாய்கள். தென்மேற்குப் பருவக் காற்று இவற்றின் வழியாகப் பீறிட்டு வருகிறது. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் சிறிய அளவில் தொடங்கிய காற்றாலை முயற்சி, இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் வளர்ந்துவிட்டது.

ஆனால் காற்று நம் வீட்டு ஆடி மாப்பிள்ளை மாதிரி. மே மாதக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை தடபுடலாக வருவார். நல்ல நாளில் 5,000 மெகாவாட்டுக்கு மேல் கொட்டுவார். பருவம் முடிந்தால் ஆளைக் காண முடியாது. பருவத்திலேயே கூட, "இன்று வருகிறேன்" என்று நிச்சயமாகச் சொல்லமாட்டார்.

வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமா? ராமநாதபுரம் ஜில்லாவில் கமுதி என்றால் கருவேல முள்ளும் காய்ந்த நிலமும்தான் என்று இருந்தது. அங்கே 2016-ல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. ஒரே இடத்தில் அமைந்தவற்றுள் அந்தச் சமயத்தில் உலகிலேயே பெரியது அது. பலகைகளில் படியும் தூசியைத் துடைப்பதற்கு அங்கே ரோபோக்கள் இருக்கின்றன. 2024-க்குள் தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்களின் திறன் 8,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. உங்கள் மொட்டை மாடியில் ஒரு கிலோவாட் பலகை வைத்தாலும் நல்ல வெயில் நாளில் சுமார் நான்கு யூனிட் கிடைக்கும்.

சூரியன் தினமும் தவறாமல் வருகிறவர். எரிபொருளுக்குக் காசு கேட்பதில்லை. ஒரே ஒரு குறைதான்: சாயங்காலம் ஆறு மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார். நாம் விளக்குப் போடுவது எப்போது? ஆறரை மணிக்கு!

ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை

இப்போது ஆரம்பத்தில் சொன்ன பந்திக்கு வருவோம். மத்தியானம் சூரியன் ஆயிரக்கணக்கான மெகாவாட் கொடுக்கிறார். மாலை நான்கு மணியிலிருந்து அது மளமளவென்று குறைகிறது. அதே நேரத்தில் வீடுகளின் தேவை ஏறுகிறது. ஒரு பக்கம் சமையற்காரர் கிளம்புகிறார்; மறுபக்கம் விருந்தாளிகள் வந்து உட்காருகிறார்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள மின் பகிர்வுக் கட்டுப்பாட்டு நிலையங்களில் பொறியாளர்கள் கண்கொட்டாமல் ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண் 50. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அலைபாய வேண்டும். பந்தியில் கூட்டம் அதிகமாகிச் சமையல் போதாவிட்டால், சக்கரங்கள் களைத்து, எண் 50-க்குக் கீழே இறங்கும். மிகவும் இறங்கினால் யந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே நின்றுவிடும். ஊர் ஊராக இருண்டுவிடும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் அப்படித்தான் கோடிக்கணக்கான ஜனங்கள் இருளில் மூழ்கினார்கள்.

அதே 2012-ல் நம் பக்கத்துக் கதையையும் யாரும் மறந்திருக்க முடியாது. வேண்டிய அளவு உற்பத்தி இல்லை. வெளியிலிருந்து கொண்டுவரப் போதிய கம்பித் தடமும் இல்லை. வெளியூர்களில் நாளில் பாதி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. விடியற்காலையில் மின்சாரம் எப்போது வருமென்று காத்திருந்து மாவு அரைத்தோம். குழந்தைகள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள். 2013 டிசம்பர் 31-ல் தென்னாட்டு மின் தொடர் வட நாட்டுத் தொடரோடு இணைந்தது. 2021-ல் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் நிலையத்துக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரக்கூடிய தடம் வந்தது. இப்போது நம்மிடம் குறைந்தால் சந்தையில் வாங்கலாம். ஆனால் முகூர்த்த நாளில் மல்லிகைப்பூ என்ன விலை விற்கும் என்பது நமக்குத் தெரியாதா? மத்தியானம் மலிவாகக் கிடைக்கும் அதே மின்சாரம், சாயங்காலம் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்ற உச்ச வரம்பைத் தொட்ட நாட்கள் உண்டு.

"பாட்டரியில் சேமிக்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். நம் வீட்டு இன்வெர்ட்டர் செய்கிற வேலைதானே அது! பெரிய பாட்டரி நிலையங்களை அமைக்கும் வேலை நம் நாட்டில் தொடங்கிவிட்டது. ஆனால் ஒரு ராஜ்யத்தின் மாலைப் பொழுதுக்குப் போதுமான பாட்டரி என்றால் அது லேசான செலவல்ல. அதுவரை நமக்கு நல்ல உதாரணம் ஆனைமலையில் இருக்கிறது. அங்கே காடம்பாறையில், மலையைக் குடைந்து, 400 மெகாவாட் மின் நிலையம் ஒன்றை 1980-களில் அமைத்தார்கள். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழே ஆழியாறு பக்கத்து நீர்த்தேக்கத்திலிருந்து ஜலத்தை மேலே ஏற்றிவைக்கிறது. தேவை ஏறும் நேரத்தில் அதே ஜலத்தைக் கீழே விட்டுச் சக்கரத்தைச் சுற்றுகிறது. காலையிலேயே மாவு அரைத்து வைத்துக்கொண்டு, ராத்திரி தோசை வார்க்கிற சாமர்த்தியம்தான் இது! ஏற்றும்போது செலவாகும் மின்சாரம் முழுவதும் திரும்பி வராது. நாலில் ஒரு பங்கு போல வழியில் போய்விடும். இருந்தாலும் வேண்டாத வேளையில் இருப்பதை வேண்டிய வேளைக்கு மாற்றித் தருகிறதே, அதற்குத்தான் மதிப்பு.

நம் கையில் இருக்கும் ஸ்விட்ச்

"இதில் நாம் செய்ய என்ன இருக்கிறது? மில்களும் தொழிற்சாலைகளும் அல்லவா மின்சாரத்தைச் சாப்பிடுகின்றன?" என்று தோன்றலாம். தொழிற்சாலைகளுக்குக் காலையிலும் மாலையிலும் உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம் உண்டு. ஆகவே அவை கடிகாரத்தைப் பார்த்து யந்திரம் ஓட்டப் பழகியிருக்கின்றன. மாலைக் கூட்டத்தில் பெரும் பகுதி வீட்டுக் கூட்டம்.

அந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு பலம் என்பதை 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி பார்த்தோம். கொரோனாக் காலத்தில் அன்று இரவு 9 மணிக்கு, நாடு முழுவதும் 9 நிமிஷம் விளக்கை அணைத்து அகல் ஏற்றினோம் அல்லவா? அந்தச் சில நிமிஷங்களில் இந்தியாவின் மின்சாரத் தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. பிறகு திரும்ப ஏறியது. ஜல மின் நிலையங்களை முன்கூட்டியே தயாராக வைத்திருந்து, மதகை அடைத்தும் திறந்தும் பொறியாளர்கள் அதைச் சமாளித்தார்கள். விளக்கு ஸ்விட்ச் மட்டும்தான்! மின்விசிறியையோ பிரிட்ஜையோ யாரும் அணைக்கச் சொல்லவில்லை.

விளக்கையும் விசிறியையும் தள்ளிப்போடச் சொல்வது நியாயமில்லை. குழந்தை இருட்டில் படிக்க முடியாது. ஆனால் இஸ்திரி, துணி துவைக்கும் யந்திரம், கிரைண்டர், தண்ணீர் மோட்டார் ஆகிய நான்கும் மாலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில்தான் ஓடவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்குப் பகலில் ஏது நேரம் என்பது உண்மைதான். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருக்கிறது. வீட்டில் மற்றவர்களுக்கும் கை இருக்கிறது. மோட்டார் போடுவதை மட்டுமாவது வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டுப் பாருங்கள்!

இதனால் உங்கள் பில்லில் பெரிதாகக் குறைந்துவிடும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் 2016-லிருந்து இலவசம். மீதிக்கு எந்த வேளையில் செலவழித்தாலும் யூனிட் யூனிட்தான். குறைவது வேறு இடத்தில். மத்தியானம் ஓடும் கிரைண்டரைச் சுற்றுவதில் கமுதி வெயிலுக்குப் பங்கு உண்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு ஓடும் கிரைண்டருக்கு, எண்ணூரிலோ நெய்வேலியிலோ இன்னும் ஒரு பிடி கரி போடவேண்டும். அந்தக் கரியின் சாம்பலும், அதற்காகத் தோண்டும் நிலமும் வேறு ஒரு குடும்பத்தின் வாசலில் இருக்கின்றன.

நாளைக்கு இட்லிக்கு அரைக்க வேண்டியிருந்தால், ஸ்விட்சைத் தட்டுவதற்கு முன் ஜன்னல் வழியாக ஒரு தடவை வெளியே பாருங்கள். வெயில் இருக்கும்போதே அரைத்துவிடுங்கள். மாவு புளிப்பதற்கு ராத்திரி முழுவதும் இருக்கவே இருக்கிறது.